உள்ளுறையும் உபதேசமும்

அன்றாட வாழ்விலிருந்து விசுவாச பாடங்களை எடுத்துக் கற்பித்தல் வேண்டும் என்னுங் கருத்து இன்று நம்மிடையே நன்கு வேரூன்றியிருக்கின்றது. கோயிற் பிரசங்கங்களிலும், திருவிழா மலர்களிலும், பாடசாலைகளிற் சமய பாடம் நடக்கும் வகுப்புகளிலும் அதனைக் காணலாம். ஒருவர் பேருந்தைத் தவறவிட்டார். அடுத்த பேருந்தில் ஏறினார். அதிலே நெடுநாட் காணாத நண்பரைச் சந்தித்தார். ஆகவே இறைவனுடைய திட்டத்தை நாம் அவசரப்பட்டுக் குறைகூறலாகாது. ஒரு பிள்ளை பென்சிலைச் சீவியது. சீவச் சீவப் பென்சில் கூராயிற்று. ஆகவே துன்பம் மனிதனைக் கூராக்கும். இவ்வாறு எழுதப்படுவன எண்ணில.

இவற்றின் நோக்கத்தை நான் குறைகூறேன். ஞானோபதேச வினாவிடையை மனனம் பண்ணி ஒப்புவித்த காலம் ஒன்றிருந்தது. விடை பிழையின்றி வந்தாற் போதும். ஞாயிற்றுக்கிழமை ஆண்டவருக்குரியது, மற்றை ஆறு நாளும் உலகத்துக்குரியன என்றொரு பிரிவு அதனால் நம் உள்ளத்திற் குடிகொண்டது. அப்பிரிவினை உடைக்க எழுந்த முயற்சியே இது. துறவறத்தார் மாத்திரமன்றி எல்லா நிலையினரும் தத்தம் தொழிலிலும் குடும்பத்திலும் இருந்தபடியே பரிசுத்தத்துக்கு அழைக்கப்படுகின்றனர் என்று இரண்டாவது வத்திக்கான் சங்கம் 1964ஆம் ஆண்டிலே தெளிவாகக் கூறியது. யேசுநாதர் தாமும் வயலையும் வலையையும் கொண்டே போதித்தார். ஆகவே, வழி பழைய வழி, நல்ல வழி.

எனினும் அவர் செய்தது வேறு. நாம் செய்வது வேறு. அவ்வேறுபாடு இலக்கணத்தில் இருக்கின்றது. தமிழ் படிப்பித்து வயிறு வளர்க்கும் ஒருவனுக்கு அப்படித்தானே தோன்றும் என்று அன்பர்கள் நகைக்கலாம். நகைத்துவிட்டு மேலே படிக்க.

தொல்காப்பியர் உவமத்தை உள்ளுறை உவமம், ஏனை உவமம் என இரண்டாகப் பகுத்தார். ஏனை உவமம் வெளிப்படை. தாமரை போலும் முகம் என்றவுடன் பொருளும் உவமையும் உருபும் நம் எதிரே வந்து நிற்கும். உள்ளுறை அவ்வாறன்று. அங்கே புலவன் ஒரு வயலைச் சொல்வான், வயலில் மேயும் எருமையைச் சொல்வான், எருமை மிதித்த பூவைச் சொல்வான், சொல்லி நிறுத்திவிடுவான். தலைவன் ஒழுக்கமும் தலைவியின் நோவும் அந்த எருமைக்குள்ளும் பூவுக்குள்ளும் கிடக்கும். கேட்பவன் தானே எடுத்துக்கொள்ளல் வேண்டும். அணிநூலார் ஒட்டு என்றும் பிறிதுமொழிதல் என்றும் கூறுவதும் ஏறக்குறைய இந்நெறியினதே.

இங்கே தொல்காப்பியர் ஒரு வரையறை செய்கின்றார். உள்ளுறைக்குக் கருப்பொருள்களே நிலைக்களம்; ஆனால் அவற்றுள் தெய்வத்தை ஒழித்துவிடல் வேண்டும். மாணாக்கருக்கு இச்சூத்திரத்தைக் கற்பிக்குந்தோறும் எனக்குச் சுவிசேஷ உவமைகள் நினைவுக்கு வரும். விதைக்கப் புறப்பட்ட ஒருவன், மாப் பிசையும் ஒருத்தி, ஆடு தேடும் இடையன், விளக்கேற்றி வீட்டைக் கூட்டிக் காசு தேடும் பெண், இரு புதல்வரையுடைய தகப்பன், திராட்சைத் தோட்டத்துக் கூலியாட்கள். பெரும்பாலான கதைகளுக்குள்ளே தெய்வத்தின் பெயரே வருவதில்லை. மதிகெட்ட செல்வன் கதையிற் கடவுள் வாய்திறந்து பேசுவது ஒரு புறனடை. மோட்ச இராச்சியம் இதற்கு ஒப்பாகும் என்று வாசல் திறக்கப்படுகின்றது. உள்ளே புகுந்தால், அங்கே இருப்பன வயலும் மாவும் வலையுமே. கலிலேயாக் கடற்கரைக்கும் தமிழ்ப் பொருளிலக்கணத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும் பொருளைப் பொருளாகவே நிற்கவிடுதல் இரண்டுக்கும் பொது.

வலை உவமையை எடுத்துக்கொள்வோம். மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் வருவது வீச்சு வலையன்று. நம் முல்லைத்தீவிலும் மன்னாரிலும் கரைவலை என்று வழங்குவதன் இனத்தைச் சேர்ந்த இழுவை வலை. கரைவலைத் தொழிலைக் கண்டறியாதோர் பொருட்டுச் சிறிது விரித்துரைக்கின்றேன். கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையிலே விட்டு, தோணி கடலுக்குட் சென்று வலையை வளைத்துப் போட்டு, மறுதலைப்பைச் சிறிது தூரத்துக்கு அப்பாற் கரைசேர்க்கும். இரண்டு அணியாய்ப் பிரிந்து நின்று இழுப்பார்கள். இழுப்பு நெடுநேரம் செல்லும். அதற்கென்றே அம்பாப் பாடல்கள் இருக்கின்றன. இக்காலத்திலே சில கரைகளில் உழவு இயந்திரத்தைப் பூட்டி இழுக்கிறார்கள். இயந்திரத்துக்கு அம்பா வேண்டியதில்லை. வலையின் நடுவில் உள்ள மடி கடைசியிலேதான் கரைசேரும். நெத்தலியும் சூடையும் பாரையும், அவற்றோடு பேத்தையும் சொறியும் பாசியும் எல்லாம் ஒருமிக்க மணலிற் கொட்டுண்ணும். பிறகுதான் இருந்து தெரிவார்கள். கலிலேயரும் அவ்வாறே இருந்து தெரிந்தனர். செட்டையும் செதிலும் இல்லாதவற்றை உண்ணலாகாது என்பது மோயீசன் கட்டளை.

இவ்வுவமையைக் கற்பித்தபோது, வகுப்பிலே கரையோரக் கிராமத்துப் பையன் ஒருவன் எழுந்து, “மடி கரைக்கு வருமட்டும் உள்ளுக்கு என்ன கிடக்கெண்டு சம்மாட்டியாருக்கும் தெரியாது, சேர்” என்றான். இன்னொருவன், “இழுக்கேக்க ஒருத்தரும் மீன் தெரியிறேல்லை, தெரியப்போனால் வலை போயிடும்” என்றான். வழிகாட்டி நூலில் எதிர்பார்க்கப்பட்ட விடை ‘இறுதித் தீர்வை’ என்பது. இரண்டு சொல். அது சரியான விடைதான். ஆனால் அவ்விரு சொற்களையும் எழுதி முழுப்புள்ளியும் பெற்ற பிள்ளைகள் பலர். அவர்களுள் எவரும், இழுக்கின்ற நேரத்தில் தெரிவது நம் தொழிலன்று என்ற அந்த இடத்துக்கு வந்து சேரவில்லை. அயலவனை இன்னான் நல்லன், இன்னான் தீயன் என்று இன்றே பிரித்து வைத்திருக்கும் நம் வழக்கத்தின்மேல் அவ்வுவமை விழ வேண்டுமானால், மடியும் கயிறும் பேத்தையும் முதலில் உள்ளபடி கண்ணுக்குத் தெரியவேண்டும்.

புளித்த மாவின் உவமையும் இத்தகையதே. ஒரு பெண் மூன்று மரக்கால் மாவினுள் புளிப்பை ஒளித்து வைத்தாள் என்று சுவிசேஷம் சொல்கின்றது. அது ஒரு வீட்டுப் பாட்டுக்கு வேண்டிய மாவன்று. ஏறக்குறைய நூறு பேர் உண்பதற்குரியது. இவ்வளவு மாவை அவள் ஏன் பிசைந்தாள் என்று கேட்கும் மாணாக்கனை நான் மெச்சுவேன். அன்றியும், பாஸ்காப் பண்டிகைக் காலத்தில் யூதர் புளிப்பை வீட்டிலிருந்தே அகற்றுவர். பரிசேயருடைய புளிப்பைக் குறித்து எச்சரிக்கையாயிருங்கள் என்று யேசுநாதரே வேறோரிடத்திற் கூறினார். அத்தகைய ஒன்றை மோட்ச இராச்சியத்துக்கு ஒப்பிட்டதைக் கேட்டபோது அக்காலத்தவர் திடுக்கிட்டிருத்தல் வேண்டும். யாழ்ப்பாணத்து வீடுகளில் இதற்கு ஒத்த ஒன்று உண்டு. கள் என்ற சொல்லையே வீட்டுக்குள் உச்சரிக்கவொட்டாத கண்டிப்பான குடும்பங்களிலும், அப்பம் சுடுவதற்கு முதல்நாள் ஒரு சிறிய போத்தலிலே கள் வந்து சேரும். அம்மா அதை மாவில் விட்டுப் பிசைந்து மூடிவைப்பாள். விடியுமுன் மாப் பொங்கியிருக்கும். இப்போது கடையில் விற்கும் ஈஸ்ட்டைப் போடுகிறார்கள். அதனால் உவமை கெட்டுவிடவில்லை, சற்று மணம் குறைந்திருக்கின்றது. விலக்கப்பட்ட ஒன்று மறைவாய் வந்து, ஒருவரும் பாராதிருக்க, முழுவதையும் பொங்கச் செய்கின்றது என்பதை அந்தக் குசினியில் வளர்ந்த பிள்ளைக்கு யார் விளக்க வேண்டும்?

இங்கே ஒரு தடை எழும். யேசுநாதரே சில உவமைகளுக்கு விரிவுரை கூறவில்லையா? விதைப்பவன் உவமைக்கும் களைகளின் உவமைக்கும் உரை கூறினாரே. வலை உவமைக்கும் ஒரு சிற்றுரை உண்டே? உண்டு. ஆனால் முன்னிரண்டுக்கும் சீடர் தனியே வந்து கேட்ட பின்னரே கூறினார். வலையின் உரை, மீனைத் தெரிந்து கூடையிலிட்ட பிறகு வருகின்றது. கதை தன் வேலையைச் செய்து முடிக்குமுன் உரை அதன் கழுத்தைப் பிடிக்கவில்லை. நம்முடைய பென்சிற் கதையில், பென்சில் பாதி சீவப்படுமுன்னரே உபதேசம் வந்துவிடுகின்றது. அக்கதையில் பென்சிலுக்குப் பதிலாகக் கத்தியையோ கரும்பையோ வைத்தாலும் உபதேசம் மாறுவதில்லை. மாற்றி வைக்கக்கூடிய பொருளிலிருந்து எழுதியவர் எதையும் கற்கவில்லை என்பது என் துணிபு. அவர் முன்னரே வைத்திருந்த ஒரு வாக்கியத்தைத் தொங்கவிட ஓர் ஆணி தேடினார், அவ்வளவே.

இம்மட்டும் சொன்னது எழுத்தின் நயம் பற்றிய வழக்குப் போலத் தோன்றலாம். அவ்வளவாயின் நான் இதனை எழுதப் புகுந்திரேன். பென்சிற் கதையால் ஒருவருக்கும் தீங்கில்லை. அதே பழக்கம் பென்சிலை விட்டு மனிதருடைய துன்பத்தின்மேற் கை வைக்கும்போதுதான் தீங்கு விளைகின்றது.

2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, கடல் எழுந்து வந்தது. இந்நாட்டில் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். நத்தார் முடிந்து மறுநாள். முல்லைத்தீவுக் கரையிலே பிள்ளையைக் கையிலிருந்து பறிகொடுத்த தாய்மார் உளர். அதற்கு முன்னர், 1995ஆம் ஆண்டு ஆடி 9ஆம் நாள், நவாலி புனித பேதுருவானவர் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள்மேல் விமானக் குண்டு வீழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். 2019ஆம் ஆண்டு சித்திரை 21ஆம் நாள் உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் வழிபாட்டிலே நின்றவர்கள் கொல்லப்பட்டனர். இவை ஒவ்வொன்றின் பின்னும், கடவுள் நமக்கொரு பாடம் கற்பித்தார் என்ற சொல் எங்கிருந்தோ புறப்பட்டு வந்தது. மனந்திரும்பாமையால் வந்தது என்றனர் சிலர். விசுவாசத்தைப் பரீட்சிக்க வந்தது என்றனர் சிலர். சொன்னவர்கள் கொடியவர்கள் அல்லர். எல்லாவற்றிலும் பாடம் தேடப் பழகியவர்கள்; பழக்கத்தால் சொன்னார்கள்.

சுவிசேஷத்தில் இதற்கு நேரான ஓரிடம் இருக்கின்றது. லூக்கா பதின்மூன்றாம் அதிகாரம். பலியிட வந்த கலிலேயரைப் பிலாத்து கொன்று, அவர்கள் இரத்தத்தைப் பலிகளின் இரத்தத்தோடு கலந்தான் என்ற செய்தியைச் சிலர் யேசுநாதரிடம் கொண்டுவந்தனர். கோயிலில் வழிபட வந்த இடத்திலே கொலையுண்டவர்கள். நவாலிக்கும் கொச்சிக்கடைக்கும் இதைவிட நெருங்கிய செய்தி வேதாகமத்தில் இல்லை. யேசுநாதர் அதனோடு தாமாகவே இன்னொன்றையும் சேர்த்தார்: சீலோவாமிலே கோபுரம் இடிந்து வீழ்ந்து பதினெண்மர் மாண்டது. ஒன்று மனிதன் செய்த கொலை; மற்றது ஒருவரும் வேண்டுமென்று செய்யாத விபத்து. இரண்டைக் குறித்தும் அவர் கேட்டது ஒரே கேள்வி: மாண்டவர்கள் மற்றவர்களிலும் பெரும் பாவிகள் என்று எண்ணுகிறீர்களோ? இல்லை என்று தாமே விடையும் கூறினார். அதன் பின்னர், மனந்திரும்பும்படி கேட்டு நின்றவர்களைப் பார்த்துச் சொன்னார். இறந்தவர்களின் கணக்கை மூடிவிட்டு, உயிரோடிருப்பவர்கள் தத்தம் கணக்கைப் பார்க்கும்படி விட்டார். பிறவிக் குருடனைக் கண்டு, இவன் செய்த பாவமோ, பெற்றார் செய்த பாவமோ என்று சீடர் கேட்டபோதும் இரண்டையும் மறுத்தார் என்பதை அருளப்பர் எழுதியிருக்கின்றார்.

பழைய ஏற்பாட்டிலே யோபுவின் நண்பர் மூவரை நாம் இகழ்கின்றோம். அவர்கள் செய்த நல்ல காரியம் ஒன்றை மறந்துவிடுகின்றோம். ஏழு பகலும் ஏழு இரவும் அவனோடு தரையிலிருந்தார்கள். ஒரு வார்த்தையும் பேசவில்லை. எட்டாம் நாள் முதல் பாடம் எடுக்கத் தொடங்கினார்கள். அவர்கள் தம்மைக் குறித்துச் சரியாய்ப் பேசவில்லை என்று நூலின் முடிவில் ஆண்டவர் கோபிக்கின்றார்.

மூவிடப் பெயர்களை ஆறாம் வகுப்பிலேயே படிப்பிக்கின்றோம். தன்மை, முன்னிலை, படர்க்கை. கடலிலே கணவனை இழந்து, பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய ஒரு தாய், “ஆண்டவர் என்னைக் கைவிடேல்லை, அந்தக் கஷ்டத்திலே நான் கனக்கப் படிச்சிட்டன்” என்று சொல்வாளாயின், அது சாட்சியம். அதன்முன் நாம் தலைகுனிந்து நிற்கத் தகும். அதே வாக்கியத்தின் இடத்தை மாற்றி, “ஆண்டவர் உன்னைப் படிப்பிக்கத்தான் இதைச் செய்தவர்” என்று அயலார் அவளுக்குச் சொன்னால், அது குற்றஞ்சாட்டல். “அவளைப் படிப்பிக்கத்தான்” என்று படர்க்கையில் வேறொருவரிடம் பேசினால், அது புறங்கூறல். சொற்கள் ஏறக்குறைய அவையே. இடம் மாறியது, மெய் பொய்யாயிற்று. வாழ்வனுபவத்திலிருந்து விசுவாசத்தைக் கற்பது என்பது தன்மைக்கே உரிய வினை என்று நான் கருதுகின்றேன்.

குழந்தை யேசுவின் தெரேசம்மாளை இதற்கு எடுத்துக்காட்டலாம். பிரான்சு தேசத்து லிசியேக் கார்மேல் மடத்துக்குள் பதினைந்து வயதிற் புகுந்து, 1897இல் இருபத்துநான்காம் வயதில் மாண்டவர். 1997இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார். அவர் எழுதிய வரலாற்றில் அற்புதங்களைத் தேடுவோர் ஏமாறுவர். துணி வெளுக்குமிடத்தில் எதிரே நின்ற சகோதரி கவனமின்றி அழுக்குநீரை முகத்தில் தெறிக்கச் செய்தமை, செபவேளையிற் பின்னாலிருந்த சகோதரி ஓயாது ஒருவகைச் சத்தம் எழுப்பினமை, இவைதாம் அவருக்குக் கிடைத்த பாடநூல். பின்வாங்கி முகத்தைத் துடைத்தால் அச்சகோதரிக்குத் தன் தவறு விளங்கும், துடைக்கவில்லை. திரும்பிப் பார்த்தாற் சத்தம் நிற்கும், திரும்பவில்லை, வேர்த்து ஒழுகியபடி அச்சத்தத்தையே சங்கீதம்போற் கேட்க முயன்றார். அச்சகோதரிகள் கற்கவேண்டிய பாடம் யாது என்று தெரேசம்மாள் எழுதவில்லை என்பதை அன்பர்கள் கவனிக்க. அழுக்கு நீரில் அவர் கண்டது தம்முடைய முகத்தையே.

வீரமாமுனிவர் 3615 பாடல்களில் தேம்பாவணியைப் பாடி வளனுக்கு ஒரு காப்பியம் சமைத்தார். காப்பிய நாயகன் ஒரு தச்சன். சுவிசேஷங்களில் அந்தத் தச்சனுடைய வாயிலிருந்து ஒரு சொல்லும் பதியப்படவில்லை. எழுந்தான், அழைத்துச் சென்றான், திரும்பி வந்தான் என்று வினைமுற்றுக்களே வருகின்றன. அவரைத் தொழிலாளரின் பாதுகாவலராகக் கொண்டாட 1955இல் பன்னிரண்டாம் பத்திநாதர் வைகாசி முதலாம் நாளைக் குறித்தார். நம் நாட்டுக்குரிய யோசேவாஸ் முனிவரும் அப்பெயரே பூண்டவர். 1697ஆம் ஆண்டிற் கண்டியில் வைசூரி பரவியபோது, உற்றார் கைவிட்டு ஓடிய நோயாளரைக் குடிசைகளிற் கிடத்திக் கழுவித் துடைத்து, இறந்தோரை அடக்கம் செய்தார். 2015ஆம் ஆண்டு தை 14ஆம் நாள் காலிமுகத்திடலில் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. வைசூரி எதனைக் கற்பிக்க வந்தது என்று அவர் பிரசங்கித்ததாக மக்கள் நினைவில் ஒன்றும் தங்கவில்லை. கழுவினார் என்பது தங்கியிருக்கின்றது.

அப்படியாயின் ஆசிரியன் வகுப்பிலே வாய்மூடி இருப்பதோ? அன்று. பிள்ளைகளைப் பேசவிடலாம். தோட்டத்துப் பிள்ளை வெங்காயம் நடுவதைச் சொல்லட்டும். கரையோரப் பிள்ளை வலை பொத்துவதைச் சொல்லட்டும். எப்படிச் செய்கிறார்கள், எது பிழைத்துப்போகும், பிழைத்தால் என்ன செய்வார்கள் என்று விவரமாய்ச் சொல்லட்டும். பிறகு சுவிசேஷப் பகுதியை ஒருமுறை நிறுத்தி வாசித்தாற் போதும். இரண்டுக்கும் நடுவே ‘ஆகவே’ என்று ஒரு பாலம் கட்ட ஆசிரியனுக்குக் கை துடிக்கும். அந்தக் கையைக் கட்டிக்கொள்ளுதல் பயிற்சியால் வரும். காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் 2018இல் பரிசுத்த வாழ்வைப் பற்றி எழுதிய ஊக்கவுரையில், சந்தைக்குப் போன ஒரு பெண்ணைக் காட்டினார். அயலவளைச் சந்திக்கிறாள், பேச்சு வளர்ந்து பிறரைக் குறைகூறும் இடத்துக்கு வருகின்றது, தான் எவரையும் தீதாய்ப் பேசுவதில்லை என்று உள்ளத்துக்குள் தீர்மானிக்கிறாள். அவளுக்கு அங்கே ஒருவரும் பாடம் நடத்தவில்லை. நம் சந்தைகளிலும் அத்தகைய பெண்கள் இருக்கிறார்கள். அவர்களின் பிள்ளைகள் நம் வகுப்பில் இருக்கிறார்கள்.

பரீட்சை வினாத்தாள் தயாரிப்போருக்கு ஒரு வேண்டுகோள். ‘இவ்வுவமையிலிருந்து நீர் கற்றுக்கொள்ளும் பாடம் யாது?’ என்ற வினாவைச் சில ஆண்டுகளுக்கு ஒதுக்கி வைத்துப் பார்க்கலாம். புளித்த மாவின் உவமைக்கு நான் வினா எழுத நேர்ந்தால் இவ்வாறு எழுதுவேன்: ‘உமது வீட்டில் அப்பத்துக்கு மாக் கரைத்து வைப்பவர் யார்? எத்தனை மணிக்குக் கரைப்பார்? மூடிவைத்த பின் விடியுமட்டும் அவர் என்ன செய்வார்?’